அளவு வேறு, விலை வேறு

அன்புள்ள தம்பி,

ஆவடியில் சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு காண்ட்ராக்டர் அலுவலகத்தில் எஸ்டிமேட் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். சைட்டில் நிற்க ஆசைப்பட்டவனை நாள் முழுக்க எக்செல் முன்னால் உட்கார வைத்துவிட்டார்களே என்று நீ வருத்தப்படுவதாகவும் சொன்னார். நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலி எவ்வளவு பொறுப்பானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பக்கத்து ஊர்க் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போதைய மதிப்பீடு 2,000 கோடி ரூபாயைக்கூடத் தொடவில்லை. தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. எழுப்பிய தூண்கள் ஆண்டுக்கணக்கில் தலையில் பாரமில்லாமல் நின்றதை நீயே பேருந்திலிருந்து பார்த்திருப்பாய். 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். இந்த முறை செலவு 5,800 கோடிக்கு மேல்.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் "மூணு மடங்கு ஏறிடுச்சு" என்றார்கள். எஸ்டிமேட் போடுகிறவன் அந்த வாக்கியத்தோடு நிற்கக் கூடாது. ஏறியது அளவா, விலையா என்று கேட்க வேண்டும். பழைய திட்டம் ஒற்றை அடுக்கு. புதியது ஈரடுக்கு: நகர வாகனங்களுக்குக் கீழ்த்தளம், துறைமுகத்துக்குப் போகும் கனரக வாகனங்களுக்கு மேல்தளம், நடுநடுவே ஏறி இறங்கச் சாய்தளங்கள். ஆகவே கான்கிரீட்டும் கம்பியும் கூடின. அது அளவின் கணக்கு. பத்தாண்டுக்கும் மேலாக சிமென்ட், கம்பி, டீசல், கூலி எல்லாம் ஏறியது விலையின் கணக்கு. போதாததற்கு 2017இல் ஜிஎஸ்டி வந்தது. அரசு கட்டுமான வேலைகளுக்குப் பெரும்பாலும் 12 சதவீதமாக இருந்த அந்த வரி, 2022 ஜூலையில் 18 ஆனது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினால்தான் தாமதத்தால் என்ன இழந்தோம், கூடுதல் தளத்தால் என்ன பெற்றோம் என்பது மக்களுக்குப் புரியும். அப்படிப் பிரித்துக் காட்டுவதுதான் உன் தொழில்.

கோடிகளை விடு. திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ அரை கிரவுண்டு வாங்கி, வங்கிக் கடன் போட்டு வீடு கட்டும் குடும்பத்தை நினைத்துப் பார். அவர்களுக்குக் கிடைப்பது "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒரே எண். அந்த எண்ணுக்குள் அளவும் விலையும் கலந்து கிடக்கின்றன. சம்ப் சேர்த்தியா, செப்டிக் டேங்க் சேர்த்தியா, காம்பவுண்டு சுவர், மாடிப்படி ஹெட்ரூம் யார் கணக்கு? பாதி வீடு எழும்பிய பிறகுதான் ஒவ்வொன்றாக "எக்ஸ்ட்ரா" என்று வரும். சதுர அடி ரேட்டை முதல் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து ஒப்பந்தம் போடுவதை நான் அநியாயம் என்றே சொல்வேன். ஏனென்றால் அதில் ஏமாறுவது எப்போதும் வீட்டுக்காரர்தான்.

இனி அளவு எடுக்கும் முறைக்கு வருகிறேன். ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர நூலைக் கையருகே வைத்துக்கொள். பூச்சு வேலையில் ஜன்னல், கதவுக்கு எவ்வளவு கழிப்பது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் குழம்புவார்கள். 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. 0.5க்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், ஒரு பக்கம் மட்டும் கழி. 3க்கு மேல் போனால் இரு பக்கமும் கழித்து, உள்விளிம்புகளை அளந்து சேர். 0.6 மீட்டர் சதுர வென்டிலேட்டருக்குக் கழிவில்லை, 1.2 மீட்டர் சதுர ஜன்னலுக்கு 1.44 சதுர மீட்டரை ஒரு பக்கத்தில் மட்டும் கழிப்பாய். ஜன்னலைச் சுற்றியுள்ள உள்விளிம்புகளையும் கொத்தனார் பூசத்தானே செய்கிறார்? அந்த உழைப்புக்கு ஈடாகத்தான் மறுபக்கம் கழிக்காமல் விடப்படுகிறது. விதியை அதன் காரணத்தோடு படித்தால் மறக்காது.

கம்பிக்கும் அப்படித்தான். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும் என்று மனப்பாடம் செய்திருப்பாய். ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ என்பதிலிருந்துதான் அந்த 162 வருகிறது. ஒரு முறை நீயே போட்டுப் பார். 12 மி.மீ. கம்பிக்கு மீட்டருக்கு 0.89 கிலோ வந்தால் சரி.

வரைபடத்தில் தெரியாத அளவுகளும் உண்டு. அவற்றில்தான் நம் பகுதியில் பணம் கரைகிறது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு எல்லாம் ஏரிகளைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். மே மாதம் காய்ந்து கிடக்கும் அஸ்திவாரக் குழியில் நவம்பரில் தண்ணீர் ஊறி நிற்கும். வரைபடம் அதேதான், ஆனால் தண்ணீர் இறைப்பதும் மண் சரியாமல் முட்டுக் கொடுப்பதும் புதிய செலவு. வேலை எந்த மாதம் தொடங்குகிறது என்று கேட்காமல் மண்வேலைக்கு ரேட் போடாதே. தோண்டிய மண்ணைக் குழியின் அளவில் கணக்கிடு. களிமண் வெளியே வந்ததும் பொலபொலத்து நூறு கன மீட்டர் நூற்று இருபது, நூற்று முப்பதாக லாரியில் ஏறும். குழிக் கணக்கும் லாரிக் கணக்கும் ஒத்துப்போகாது. மணல் வாங்கும்போது இதற்கு நேர்மாறான நஷ்டம். ஈரமான மணல் உப்பி நிற்கும். நூறு கன அடி யூனிட் என்று டேப் பிடித்து வாங்கினாலும் உள்ளே இருக்கும் மணல் அதைவிடக் குறைவு.

விலைக்கு 'டேட்டா', அதாவது ஓர் அலகு வேலைக்கான பொருள், கூலிக் கணக்கு, போடுவாய். 1:1½:3 கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் ஏறக்குறைய 8 மூட்டை, மணல் 0.42, ஜல்லி 0.84 கன மீட்டர். அதன்மேல் கொத்தனார், பெரியாள், சித்தாள் கூலி. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் இதற்கெல்லாம் அடித்தளம். ஆனால் அது அரசு வேலைக்கானது. பூந்தமல்லியில் இந்த வாரம் ஜல்லி என்ன விலை என்று நீயே போன் போட்டுக் கேட்க வேண்டும். விலை தவறினால் சந்தையைக் காரணம் காட்டலாம். அளவு தவறினால் உன்னைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. அரசு வேலைகளில் எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் உதவிப் பொறியாளர் எழுதிய அளவை மேலதிகாரி மறுபடி சைட்டில் சரிபார்க்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. உன் அலுவலகத்தில் அப்படிச் சரிபார்க்க ஆள் இல்லையென்றால், உன் தாளை நீயே மறுநாள் காலையில் புதிதாக எடுத்துப் பார்.

துபாய்க்கோ கத்தாருக்கோ போனால் இந்த வேலைக்கு நல்ல சம்பளம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. இங்கே இதை ஒற்றைப் பாடமாக முடித்துவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். நீ போவதானால் போ. அதற்கு முன் ஒரு வேலையையாவது குழி தோண்டுவதில் தொடங்கி கடைசி பில் வரை கூடவே இருந்து பார்த்துவிடு.

இப்போது நீ எஸ்டிமேட் போட்ட வேலை எதுவானாலும் சரி, வரும் சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு அந்த சைட்டுக்குப் போ. உன் தாளில் இருக்கும் அளவையும் அங்கே நடந்திருக்கும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. வித்தியாசத்தில் அளவால் வந்தது எவ்வளவு, விலையால் வந்தது எவ்வளவு என்று பிரித்து எனக்கு அனுப்பு. உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா