கழற்றிப் பூட்டும் கலை

நுழையும்முன்

புதியது வந்தவுடன் பழையதை மூலையில் போடுவது பலர்க்கும் இயல்பு. ஆயினும், அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மிதிவண்டியையும், கடைகளிலிருந்து என்றோ மறைந்துவிட்ட மடிக்கணினியையும் தேடித் திரிவோர் உலகெங்கும் உளர். அவர்களைப் பித்தர் என்று எள்ளி நகைப்பாரும் உண்டு. அவர்கள் எதை விரும்புகின்றனர் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1848ஆம் ஆண்டு முதல் ரப்பர்த் தொழில் நடத்திவந்தது மோல்டன் குடும்பம். அக்குடும்பத்தில் தோன்றிய பொறியாளர் அலெக்ஸ் மோல்டன் (1920–2012). 1959இல் வெளிவந்த ‘மினி’ என்னும் சிறு மகிழுந்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கு எஃகுச் சுருளுக்கு மாற்றாக, ரப்பரால் ஆகிய அதிர்வுதாங்கியை வடிவமைத்தவர் இவரே.

1956இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கல் எழுந்தது. பிரிட்டனில் பெட்ரோல் அளந்து பங்கிட்டுத் தரப்பட்டது. அக்காலத்தில் மோல்டனின் கவனம் மிதிவண்டியின் பக்கம் திரும்பியது. பல பத்தாண்டுகளாக மிதிவண்டி ஒரே வடிவத்தில் இருந்துவந்தது: இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவில் உயர்ந்த சாய்சதுரச் சட்டம். சக்கரம் ஏன் பெரிதாக இருத்தல் வேண்டும் என்று மோல்டன் வினவினார். சிறு சக்கரம் எடை குறைந்தது. விரைந்து வேகம் பிடிப்பது. அதன்மேல் சுமை ஏற்ற இடமும் மிகுதி. சட்டத்தைத் தாழ்த்திவிட்டால், பாவாடை உடுத்தியவரும் முதியவரும் எளிதில் ஏறி அமரலாம்.

இடர்ப்பாடு ஒன்று இருந்தது. பெரிய சக்கரம் தாண்டிச் செல்லும் குழியில் சிறு சக்கரம் விழுந்து எழும். அந்தக் குலுக்கல் முழுவதும் ஓட்டுபவரின் கைகளுக்கும் முதுகுக்கும் வந்து சேரும். தடித்த, மெத்தென்ற டயரைப் பூட்டினால் குலுக்கல் குறையும். ஆனால் மிதிப்பது கடினமாகிவிடும். மோல்டன் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டார். காற்றழுத்தம் மிகுந்த மெல்லிய டயரைப் பூட்டினார். அது தரையில் எளிதாக உருண்டது. குலுக்கலைத் தாங்கும் பொறுப்பை, முன்னும் பின்னும் அமைந்த அதிர்வுதாங்கிகளிடம் ஒப்படைத்தார். சிறு சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு குறைவு அல்லவா? மிதிகட்டையோடு இணைந்த பற்சக்கரத்தைப் பெரிதாக்கி அக்குறையையும் நீக்கினார்.

இவ்வடிவத்தை முதலில் ராலே என்னும் பெருநிறுவனத்திடம் காட்டினார். அது ஏற்கவில்லை. ஆகவே தம் ஊரிலேயே தொழிற்சாலை அமைத்து, 1962இல் தம் பெயராலேயே மிதிவண்டியை வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜான் வுட்பர்ன் என்னும் வீரர் மோல்டன் வண்டியில் கார்டிஃபிலிருந்து லண்டன் வரை ஓட்டி, அவ்வழித்தடத்தின் பழைய சாதனையை முறியடித்தார். சிறு சக்கரம் மெதுவாகத்தான் செல்லும் என்றவர்கள் வாயடைத்தனர்.

மறுத்த ராலே நிறுவனமே 1967இல் மோல்டனின் மிதிவண்டித் தொழிலை விலைக்கு வாங்கியது. 1974இல் உற்பத்தியும் நின்றது. மோல்டன் புதிய வடிவத்தோடு மீண்டும் வந்தது 1983இல்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் புதிய வண்டியே இல்லை. இருந்தவை பழைய வண்டிகள் மட்டுமே. எஃகு துருப்பிடிக்கும், ரப்பரோ ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகும், வெடிக்கும். ஒரு மோல்டனை ஓடச்செய்ய விரும்புபவர் அதன் உள்ளமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். தேய்ந்த உறுப்புக்கு மாற்றும் தேட வேண்டும். அத்தகைய உரிமையாளர்கள் கழகம் அமைத்து, ஒருவர்க்கொருவர் கற்பித்து, உதிரி உறுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். அவ்வண்டிகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்ப்போரும் சிலர் இருக்கலாம். மழையில் நனையாத மிதிவண்டி என்ன மிதிவண்டி என்பதே என் எண்ணம்.

விளையாட்டுப் பொருளிலும் இவ்வேட்கை உண்டு. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் உள்ள தாமியா நிறுவனம் 1976இல், தொலைவிலிருந்து வானொலி அலையால் இயக்கும் போர்ஷே மகிழுந்தை வெளியிட்டது. 1984இல் ‘கிராஸ்ஹாப்பர்’, அதாவது வெட்டுக்கிளி, என்னும் வண்டி வந்தது. பெட்டியைத் திறந்தவுடன் ஓட்ட முடியாது. உள்ளே உறுப்புகள் தனித்தனியே கிடக்கும். படம் பார்த்துச் சிறுவர்களே கோக்க வேண்டும். கோத்தவனுக்குப் பழுது பார்க்கவும் தெரிந்துவிடும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அந்நிறுவனம் அதே வண்டியை மீண்டும் வெளியிட்டது. சிறு வயதில் வாங்க இயலாமல் கடைச் சாளரத்தில் பார்த்து ஏங்கியவர்கள், இப்போது தம் பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்குகின்றனர்!

இனி மடிக்கணினி. ஐ.பி.எம். நிறுவனம் 1992இல் ‘திங்க்பேட்’ என்னும் மடிக்கணினியை அறிமுகப்படுத்தியது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர் அதற்கு அணிகலன் எதுவும் இல்லாத கரிய பெட்டியின் உருவம் தந்தார். விசைகளின் நடுவே சிறு சிவப்புக் குமிழ் ஒன்று உண்டு. விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே சுட்டியை நகர்த்த அது உதவும். அழகைவிடப் போற்றத்தக்கது வேறொன்று. எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும், எந்த உறுப்பை எப்படி எடுக்க வேண்டும் என்பதைப் படத்தோடு விளக்கும் பழுதுநீக்கும் கையேடு எவரும் படிக்கக் கிடைத்தது. அதனால் நினைவகத்தையும் விசைப்பலகையையும் பயனர் தாமே மாற்ற முடிந்தது.

2005இல் இத்தொழில் லெனோவோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2011இல் வெளிவந்த எக்ஸ்220 வரை, விசைகள் ஏழு வரிசையில் அமைந்திருந்தன. மறு ஆண்டு வந்த எக்ஸ்230இல் அவை ஆறாகக் குறைந்தன. பலர் வருந்தினர், சிலர் வருந்தியதோடு நிற்கவில்லை. பழைய விசைப்பலகையைப் புதிய கணினியில் பொருத்திப் பார்த்தனர். சில விசைகள் இயங்கவில்லை. கணினியின் உள்ளே விசைகளை ஆளும் சிற்றியக்கியின் நிரலை ஆராய்ந்து, திருத்தி, அவற்றையும் இயங்கச் செய்தனர்.

2017இல் திங்க்பேட்டின் வெள்ளிவிழா நிறைவுக்கென அந்நிறுவனம் சிறப்பு மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. அதன் மூடியைத் திறந்தால் ஏழு வரிசை விசைகள். நடுவில் அதே சிவப்புக் குமிழ்.

பயிற்சி

அ) விடையளிக்க.
1. சிறு சக்கரத்தால் விளைந்த இடர்ப்பாட்டை மோல்டன் எவ்வாறு நீக்கினார்?
2. 1974க்கும் 1983க்கும் இடையில் மோல்டன் வண்டிகளைக் காத்தவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
3. ‘கோத்தவனுக்குப் பழுது பார்க்கவும் தெரிந்துவிடும்’ – விளக்குக.

ஆ) பிரித்து எழுதுக: ஒருவர்க்கொருவர், இடர்ப்பாடு, சிற்றூர், இவ்வேட்கை.

இ) செய்து பார்க்க.
உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய பொருளைப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் உரையாடுக. அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களை, அவர் சொல்லும் மொழியிலேயே எழுதி, அவற்றுக்கு எதிரே தமிழ்ப் பெயர்களை எழுதுக. தமிழ்ப் பெயர் தெரியாவிடின் வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு அறிக.