வளைவுக்கு அப்பால் பார்க்கும் கண்

காலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், வட்டவளையில் பஸ் வருவதை நாங்கள் காதால்தான் அறிவோம். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன் ஊடாக நுவரெலியா செல்லும் ஏ7 வீதியே எங்கள் பாடசாலைப் பாதை. எனவே, வீதிப் பாதுகாப்பு எனக்கு வெறும் கட்டுரைத் தலைப்பு அன்று.

நகரங்களில் நவீன தொழில்நுட்பம் என்ன செய்கிறது? அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1970களில் உருவான முறையொன்றைப் பாருங்கள். சந்தியில் வீதியின் அடியில் கம்பிச் சுருள்கள் பதிக்கப்படுகின்றன. மேலே வாகனம் வந்ததும் அதன் உலோகம் சுருளின் மின்தூண்டலை மாற்றுகிறது. கணினி அதைக் கொண்டு வாகனங்களை அறிந்து, நெரிசலான பக்கத்துக்குப் பச்சை விளக்கை நீட்டுகிறது. வெறுமையான பக்கத்துக்குக் குறைக்கிறது. நமது கொழும்பிலும் 2024 ஜனவரி 22 முதல், வீதி விதிகளை மீறுவோரைப் பொலிஸார் கண்காணிப்புக் கமராக்கள் மூலம் இனங்காண்கின்றனர்.

ஆனால், மலையகத்தின் சிக்கல் வேறு. இங்கே நெரிசலை விட வளைவும் இறக்கமும் ஈரமுமே ஆபத்தானவை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்லப் பகுதியில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதிய விபத்தில் ஏழு உயிர்கள் பிரிந்தன.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்ட சாரதியின் கால் தடையை மிதிக்கவே அந்தச் செக்கன் போய்விடும். அதன் பின்னர் வாகனம் நிற்கத் தேவையான தூரமோ, 40 கிலோமீற்றர் வேகத்தில் தேவைப்படுவதை விட இரண்டேகால் மடங்கு. பனிமூட்டத்தில் 20 மீற்றர்தான் தெரியுமென்றால் முடிவை நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே, எங்களுக்கு வேண்டியது வளைவுக்கு அப்பால் பார்க்கும் கண். எதிரே வாகனம் வருவதை உணரியால் அறிந்து மின்னும் எச்சரிக்கைப் பலகை, பனிமூட்டத்தை அளந்து வேக எல்லையைக் குறைத்துக் காட்டும் பலகை, நீண்ட இறக்கத்தில் தடைகள் சூடேறுவதைச் சாரதிக்குச் சொல்லும் கருவி ஆகியன இங்கே உயிர் காக்கும்.

எனினும், பலகை எச்சரிக்கத்தான் முடியும். வேகத்தைக் குறைப்பது மனிதனின் காலே. பாதையில் துன்பம் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். முள்ளும் கல்லும் மட்டுமல்ல, கவனயீனமும் இன்று பாதையில் கிடக்கும் துன்பமே. அதையும் அகற்றுவோம், தோழியரே!