பிரஷர் மாத்திரையும் காது இரைச்சலும்

கேள்வி: எனக்கு வயது 61. நான்கு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். இது கால்சியம் வாசலை அடைக்கும் மாத்திரையாமே? காது கேட்பதற்கே அந்த வாசல்தான் வேண்டும் என்கிறாள், கல்லூரியில் படிக்கும் என் பேத்தி. இரண்டு மாதமாக இடது காதில் ‘ஙொய்’ என்று ஓயாத இரைச்சல். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பேத்தி சொன்னது சரிதான். ஆனால் அவள் படித்த வாசல் வேறு, உங்கள் மாத்திரை அடைக்கும் வாசல் வேறு.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், காதுக்குச் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் உண்டு. ஒலி வந்ததும் அவற்றின் உச்சியிலுள்ள நுண்மயிர்கள் சாய்கின்றன. பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. அதனால் செல்லின் மின்னழுத்தம் மாற, அடிப்பக்கத்துக் கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. புகுந்த கால்சியம், அங்கே தயாராக நிற்கும் குளுட்டமேட் பொட்டலங்களை நரம்பின் பக்கம் அவிழ்த்துக் கொட்டுகிறது. கால்சியம் நுழையாவிட்டால், மயிர்கள் எவ்வளவு ஆடினாலும் மூளைக்குச் சேதி போகாது.

இந்த வாசலுக்கு சிஏவி 1.3 என்று பெயர். அம்லோடிபின் குறிவைப்பது இரத்தக்குழாய்த் தசையிலுள்ள சிஏவி 1.2-ஐ. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனாலும் 1.3 இந்த வகை மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. 1.3 அடியோடு வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது 2011-இல் பாகிஸ்தானியக் குடும்பங்களில் தெரிய வந்தது. மரபணுக் கோளாறால் அந்த வாசல் செயலிழந்தவர்களுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை; நாடித்துடிப்பும் மந்தம். இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சுக்கும் இதே வாசல் வேண்டும். காதும் நாடியும் இப்படி ஒன்றையே நம்பியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அம்லோடிபினின் பக்கவிளைவுப் பட்டியலில் காது இரைச்சலும் இருக்கிறது, அரிதாக வருவது என்ற குறிப்போடு. ஆனால் நான்கு ஆண்டுகள் சும்மா இருந்த மாத்திரை இப்போது இடது காதை மட்டும் பிடித்துக்கொள்ளுமா? மருந்தால் வரும் இரைச்சல் பெரும்பாலும் இரண்டு காதிலும் கேட்கும். எனக்கு மாத்திரையைவிட அந்த ‘ஒரு காது’தான் உறுத்துகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், ஆடியோகிராம் எடுங்கள். இரு காதுக்கும் கேட்கும் திறனில் வித்தியாசம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். இரைச்சல் நாடியோடு சேர்ந்து துடித்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். திடீரென அந்தக் காது மந்தமானால் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள், அன்றே போய்விடுங்கள்.