ஞாயிறு செட்டிபாளையம், திங்கள் தேவராஜ மார்க்கெட்

வேகமான கார் வைத்திருக்கும் மைசூர்க்காரர்களில் பலர் அதே காரில்தான் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார்கள், தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலையும் மல்லிகையும் வாங்கி வருகிறார்கள். ட்ராக்குக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

இந்த ஊருக்கு எஞ்சின் வாசனை புதிதல்ல. யாதவகிரியில் 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை ஐடியல் ஜாவா ஆலை ஓடியது. அங்கே பிறந்த ஜாவாவும் யெஸ்டியும் சென்னை அருகே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில், பந்தயம் ஓடியவை. கே.ஆர்.எஸ். சாலையில் விக்ராந்த் டயர் ஆலை, இன்று ஜே.கே. டயரின் கையில், இன்னும் ரப்பர் வேகவைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ட்ராக் மட்டும் இங்கே இல்லை. பக்கத்தில் இருப்பது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு சுற்று சுமார் 2.1 கி.மீ. அதைவிடப் பெரியது வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, 3.717 கி.மீ. இரண்டில் எதற்குப் போனாலும் அதே காரில் வீடு திரும்ப வேண்டும். அதை மனதில் வைத்து எழுதியவை கீழே.

1. காசு செலவழிக்கும் வரிசை: முதலில் டயர், அடுத்து பிரேக், பிறகு சஸ்பென்ஷன், அதன் பின் கூலிங். குதிரைத்திறன் கடைசி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோவையின் கரிவரதன் 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியபோது அதில் வைத்தது மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின்தான். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிப் பழகிய கார்களில் அதுவும் ஒன்று. செட்டிபாளையம் ட்ராக்குக்குக் கரிவரதனின் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள்.

2. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஃப்ளூயிட் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் தரையைத் தொடும். வீட்டு ஓட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ட்ராக்குக்குப் போவதென்றால் போவதற்கு முந்தைய வாரம் மாற்றிவிடுங்கள். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், வேறு சாதி. எண் பெரியதாக இருக்கிறதே என்று வாங்கிக் கலந்துவிட வேண்டாம். 5.1 கலக்கலாம்.

3. மைசூரிலிருந்து கோவைக்குச் சாமராஜநகர் வழியாகப் போனால் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ட்ராக்கைப் பார்க்கும் முன்பே பேடு கருகும். இரண்டாவது கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அது புலிகள் காப்பகச் சாலை. இரவுக் கட்டுப்பாடு உண்டு. திரும்பும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் புறப்படுங்கள்.

4. புதிய பேடு போட்ட அன்றே ட்ராக்குக்குப் போகாதீர்கள். காலியான சாலையில் 60-லிருந்து 20 வரை பத்துப் பன்னிரண்டு முறை நிதானமாக அழுத்தி வேகம் குறைத்து, இடையில் முழுதாக நிறுத்தாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்கில் பேடின் மெல்லிய படலம் ஒரே சீராகப் படிய வேண்டும். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இதுவும். இன்னொன்று: அசல் பந்தயப் பேடுகள் சூடேறினால்தான் பிடிக்கும். திங்கள் காலை பள்ளி வாசலில், குளிர்ந்த டிஸ்கில், அவை வழுக்கும், கீச்சிடவும் செய்யும். சாலைக்கும் ட்ராக்குக்கும் இடைப்பட்ட ரகம் கேட்டு வாங்குங்கள்.

5. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஐந்தாறு சுற்று ஓடி வந்த டிஸ்கில் அத்தனையும் சூடாக நிற்கும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பழக்க தோஷத்தில் நான் ஒருமுறை இழுத்துவிட்டேன். பேடு டிஸ்கில் அச்சாக ஒட்டி, மைசூர் வரும்வரை பெடல் அதிர்ந்தது. வீட்டம்மாவுக்குக் காரணம் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.

6. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23ஆம் வாரம் தயாரானது. பூ தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வயதானால் ரப்பர் இறுகிவிடும். அந்த டயர் மார்க்கெட்டுக்கு மெதுவாகப் போய்வரலாம், ட்ராக்குக்கு வேண்டாம்.

7. பிள்ளையின் சாக்பீஸ் ஒன்று எடுத்துப் போங்கள். டயரின் பூவும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில் நான்கைந்து இடத்தில் குறுக்குக் கோடு போடுங்கள். அந்த இடத்தில் சிறு முக்கோணக் குறி இருக்கும். இரண்டு மூன்று சுற்று ஓடி வந்ததும் பாருங்கள். கோடு முக்கோணம் வரை அழிந்திருந்தால் காற்று சரி. அதையும் தாண்டி அழிந்தால் காற்று குறைவு, டயர் மடிந்து சாய்கிறது. பூவின் மேலேயே கோடு மிச்சம் இருந்தால் காற்று அதிகம்.

8. குளிர்ந்த நிலையில் 32 வைத்துப் புறப்பட்டால் நாலு சுற்றில் அது 37, 38 ஆகிவிடும். சூட்டிலேயே அளந்து இறக்குங்கள். எங்கள் ஹாட்ச்பேக்குக்கு 35 ஒத்துவருகிறது. மாலையில் டயர் ஆறியதும் அந்தக் காற்று 29-க்கு வந்து நிற்கும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறுவது தவறு. ட்ராக் வாசலிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். சொந்த கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள். பெட்ரோல் பங்கு கேஜ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைவிட இரண்டு ஜோசியர்கள் ஒத்துப்போவது எளிது.

9. வீல் நட்டை ஏர் கன்னால் இறுக்க விடாதீர்கள். ஒரு கடையில் அப்படி இறுக்கியதைக் கழற்றும்போது என் காரில் ஸ்டட்டே முறிந்தது. டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். காரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கி, 50 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். பிறகு வீட்டில் இருக்கும் நகச்சாயத்தால் நட்டிலிருந்து ரிம் வரை ஒரு கோடு இழுத்துவிட்டால், நட்டு தளர்ந்ததா என்று தூரத்திலிருந்தே தெரியும். கோடு உடைந்திருந்தால் நட்டு அசைந்திருக்கிறது.

10. மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர். காற்று மெலிவு என்பதால் டர்போ இல்லாத எஞ்சின் இங்கே நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சக்தியை இழந்துதான் ஓடுகிறது. அதே காரை இருங்காட்டுக்கோட்டைக்கு ஓட்டிப் போனால் ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்தச் சக்தி திரும்ப வந்துவிடும். கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் பெரும்பாலும் அவ்வளவுகூடத் தராது. பானெட்டுக்குள் திறந்து கிடந்தால் சூடான காற்றைத்தான் குடிக்கும். சத்தம் மட்டும் கூடும்.

11. ரீமேப். டர்போ காரில் ஒரு லேப்டாப்பை இணைத்து அரைமணியில் சக்தியைக் கூட்டிவிடலாம். அதனால்தான் அது ஆபத்து. எஞ்சின் தாங்கினாலும் பின்னால் இருப்பவை தாங்குமா என்று கேளுங்கள். நம் ஊரில் நிறைய ஓடிய போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் முறுக்குக்காகச் செய்தது. கம்பெனி எஞ்சின் கொடுத்தது 175. இடைவெளி பெரிதாகத் தெரியும், ஆனால் தசரா நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் சூடாகும் ஊரில் அந்த இடைவெளியை முழுதும் தின்றுவிடக் கூடாது. பழைய மேப்பின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி போகும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

12. ட்யூன் செய்த எஞ்சினுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல்: 95 போதும். மேப் அதற்கென்று எழுதப்படாவிட்டால் 100 ஆக்டேனுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண். 2023-க்கு முந்தைய கார் என்றால் எரிபொருள் ரப்பர் குழாய்களை ஆண்டுக்கொருமுறை தொட்டுப் பாருங்கள். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் எல்லாப் பழைய ரப்பருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

13. சாமுண்டி மலை உச்சிக்கு விரட்டிக்கொண்டு ஏறினீர்களென்றால், டர்போ காரை நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். ட்ராக்கிலிருந்து வந்தால் இரண்டு மூன்று நிமிடம். டர்போவின் அச்சைக் குளிர்விப்பது ஓடும் ஆயில்தான்.

14. ராத்திரி காருக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரியுங்கள். பழுப்புக் கறை எஞ்சின் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பாக, தித்திப்பு வாடை அடித்தால் கூலன்ட். சக்கரத்துக்கு நேர் கீழே வெளிர் மஞ்சளாக வழவழப்பு இருந்தால் பிரேக் ஃப்ளூயிட். அன்றைக்குக் காரை எடுக்கக் கூடாது. வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலை இல்லை.

15. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம்.

16. பானெட்டைத் திறந்து காய்ந்த சருகு, எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மரநிழலில் நிறுத்தும் மைசூர்க் கார்களில் கண்டிப்பாக இருக்கும். எக்ஸாஸ்ட் சூட்டுக்கு அது பஞ்சு மாதிரி.

17. காரைத் தாழ்த்துவது. ட்ராக்கில் நன்றாக இருக்கும். நம் தெரு ஹம்ப்பில் வயிறு உரசும். 20 மில்லிமீட்டருக்கு மேல் இறக்குவது இந்த ஊருக்குச் சரிவராது என்பது என் தீர்ப்பு. ஸ்பிரிங் மட்டும் மாற்றிப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைப்பதும் வேண்டாம், இரண்டும் ஜோடி. மாற்றியதும் அலைன்மென்ட் பாருங்கள். மாதம் ஒருமுறை டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே பூ நன்றாகத் தெரியும்போதே உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும்.

18. ரோல் கேஜ், நான்கு முனை பெல்ட் ஆகியவற்றைத் தினசரிக் காரில் வைக்காதீர்கள். ட்ராக்கில் தலையில் ஹெல்மெட் இருக்கும். காய்கறி வாங்கப் போகும்போது இருக்காது. சிறு மோதலிலும் மண்டை இரும்புக் குழாயில் இடிக்கும்.

19. சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். பேடு, ஃப்ளூயிட், ஆயில், அதே அளவில் நல்ல டயர் ஆகியவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை. கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது, வெடிச்சத்த சைலன்சர் போடுவது இரண்டும் தொல்லை. அசல் சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும் அன்று தேடுவீர்கள்.

20. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். ட்ராக்கில் சுவரில் மோதினால் பழுதுச் செலவு உங்களுடையது. அந்தச் செலவைத் தாங்க முடியாதென்றால் பார்வையாளராகப் போங்கள். அதுவும் நன்றாகவே இருக்கும்.

21. ட்ராக்குக்குள் நுழையும் முன் காரைக் காலி செய்யுங்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையார். ஓட்டுநர் பக்கத்து மிதியடி மிக முக்கியம். சுருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போகும். எல்லாவற்றையும் ஒரு பழைய அரிசிச் சாக்கில் கட்டி வைத்தால் மாலையில் எதுவும் தொலையாது.

22. வெளிவட்டச் சாலையிலோ பெங்களூர் விரைவுச் சாலையிலோ சோதித்துப் பார்க்காதீர்கள். விரைவுச் சாலையில் வரம்பு 100 கி.மீ., கேமராவும் உண்டு. அதைவிட முக்கியம், அங்கே எதிரே வருபவர் உங்கள் விளையாட்டில் சேரச் சம்மதித்தவர் அல்லர். செட்டிபாளையம் சுமார் 200 கி.மீ. தூரம்தான்.

இருபத்திரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று மாலை காரைக் கழுவும்போது 6ஆம் குறிப்பில் சொன்ன நான்கு இலக்கத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்.