பலகைக்கும் சீட்டுக்கும் ஏற்ற தலைப்பெழுத்து

அச்சு என்றவுடன் நெசவாளர் ஒருவருக்கு நினைவு வருவது தறியில் ஊடையை நெருக்கித் தட்டும் கருவி. ஏனையோர்க்கு நினைவு வருவது அச்சகம். இவ்விரண்டையும் ஒரே சொல் குறிப்பது பொருத்தமே. தறியின் அச்சில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவேயுள்ள வெளி கெட்டால் துணி கெடும். அச்செழுத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவேயுள்ள வெளி கெட்டால் சொல் கெடும். இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது இந்த இரண்டாவது அச்சை. அதிலும், பெயர்ப் பலகை, விலைச்சீட்டு, கோணிப்பை, கண்காட்சித் தட்டி ஆகியவற்றில் பெரிதாக இடப்பெறும் தலைப்பெழுத்தை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

இதில் ஆராய என்ன இருக்கிறது, டி.டி.பி. நிலையத்தார் காட்டும் மாதிரிகளில் அழகானதைச் சுட்டிவிட்டு வரலாமே என்று அங்கத்தினர் சிலர் நினைக்கக்கூடும். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் இருந்த ஒரு விற்பனைக் குழு துண்டுகளில் தைப்பதற்குத் துணிச்சீட்டுகள் அச்சிட்டது. மிகப் பருத்த, உருண்ட எழுத்தொன்றை நாங்களே தேர்ந்தெடுத்தோம். வழவழப்பான தாளில் அது கண்ணைப் பறித்தது. முரட்டுத் துணியில் திரை அச்சாக ஏறியபோது மை பரவி, ‘கைத்தறி’ என்னும் சொல்லில் ஐகாரத்தின் இரு சுழிகளும் ஒட்டி ஒன்றாயின. தகர மெய்யின் புள்ளி எழுத்தின் தலையோடு கலந்து மறைந்தது. கண்காட்சியில் மூதாட்டி ஒருவர் துண்டை விரித்துப் பார்த்துச் சீட்டையும் பார்த்தார். “ஏன் தம்பி, எழுத்தே தப்பா இருக்குதே, இது நெசமாவே கைத்தறிதானா?” என்று கேட்டுத் திரும்ப வைத்துவிட்டார். அத்துண்டை நெய்தவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை எல்லாச் சீட்டுகளையும் கத்தரியால் வெட்டி எடுத்தோம்.

கைத்தறி முத்திரை 2006 ஆம் ஆண்டில் வந்தது, விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று விற்கும் ஏமாற்றிலிருந்து வாங்குவோரைக் காப்பதற்காகவே. அத்தகைய சந்தையில் பிழைபட்டுத் தோன்றும் ஓர் எழுத்து அசலையும் போலியாக்கிவிடும். ஆகவே நெய்தவரின் கூலியும் விளைவித்தவரின் வரவும் ஓரளவு இந்த எழுத்தைப் பொறுத்தே நிற்கின்றன.

தலைப்பெழுத்தின் வேலை யாது? நூலின் உள்ளே வரும் எழுத்தைப் படிக்க வாசகர் உட்கார்ந்து கண்ணை ஊன்றுகிறார். தலைப்பெழுத்தோ, தன்னைத் தேடாமல் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பவரின் கண்ணைத் தானே பிடிக்க வேண்டும். பிடித்த அதே நொடியில் பொருளையும் சொல்லிவிட வேண்டும். பிடிப்பது ஒன்று, சொல்வது மற்றொன்று. முதலாவதற்காக நாம் கூட்டுகிற பருமன், நிழல், கொடி, சுழி யாவும் பெரும்பாலும் இரண்டாவதற்கு இடையூறாகின்றன. தலைப்பெழுத்தின் சங்கடமெல்லாம் இதுதான்.

இந்த வேறுபாட்டை நம் பகுதியிலேயே கல்லில் காணலாம். கேளம்பாக்கத்திலிருந்து தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில் சாளுவன்குப்பம் இருக்கிறது. அங்குள்ள அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே வடமொழிச் செய்யுள்களை ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும், எதிர்ப்பக்கச் சுவரில் நாகரி எழுத்திலும் வெட்டி வைத்தார்கள். வருவோர் இரு திறத்தாராதலின் எழுத்தும் இரு வகையாயிற்று. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்கள் பல வகை எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. சில எளியவை, சில கொடிபோல் வளைந்து பூவேலை போல் அலங்கரிக்கப்பட்டவை. விருதுப் பெயர் பெருமைக்காக உள்ளது. அதைப் படிக்க இயலாதவனும் பார்த்து வியந்தால் போதும். நிலக்கொடையையும் எல்லையையும் வரியையும் பேசும் தமிழ்ச் சாசனங்களில் அந்த அலங்காரத்தைப் பொதுவாகக் காண முடியாது. அங்கே ஓர் எழுத்து மயங்கினால் ஒரு வயல் கைமாறிப் போகும். நமது விலைச்சீட்டு விருதுப் பெயரைச் சேர்ந்ததன்று, சாசனத்தைச் சேர்ந்தது.

(இக்கடற்கரையிலேயே ஈஞ்சம்பாக்கத்தில் 1966 இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், எழுத்துப் போன்ற குறிகளை நிறைத்து ஓவியங்கள் தீட்டினார். அவை படிப்பதற்கல்ல, பார்ப்பதற்கு. ஓவியத்தில் அது சரி.)

அச்சுக்கூடத்தின் வரலாறும் இதையே வேறு வகையில் காட்டுகிறது. 1578 இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது முதல் தமிழுக்கு வார்ப்பெழுத்து உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழெழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தமையால் காகிதம் போதவில்லை; தரங்கம்பாடிப் பகுதியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1714, 1715 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புதிய ஏற்பாட்டின் முற்பகுதி பெரிய எழுத்திலும் பிற்பகுதி சிறிய எழுத்திலும் அமைந்தன. எழுத்தின் அளவை முடிவு செய்யும் உரிமை, அது எங்கே எதன்மேல் ஏறப்போகிறதோ அந்த இடத்துக்கே உண்டு.

இனி நம் எழுத்துகளின் இயல்பைக் காண்போம். ஆங்கிலத்துக்கென வகுத்த விதிகள் இங்கே முழுதும் பொருந்தா. தமிழ்ச் சொல் நீளமானது. மேலே புள்ளியும் இகர விலங்கும், கீழே உகர ஊகாரக் கால்களும், முன்னே கொம்பும் உடையது. பருத்த எழுத்தில் முதலில் அழிவது புள்ளி. பனையோலையில் எழுதியோர் புள்ளியிட்டால் ஓலை கிழியுமென்று பெரும்பாலும் அதை விட்டுவிட்டனர். படிப்பவர் புலவராதலின் இடமறிந்து கூட்டிப் படித்தார். சந்தைக்கு வருபவரிடம் அவ்வுழைப்பை எதிர்பார்க்கலாகாது. அடுத்து அழிவது கொம்பு. குறிலுக்கு ஒற்றைக் கொம்பும் நெடிலுக்கு இரட்டைச் சுழியுடைய கொம்பும் என்ற பகுப்பை வீரமாமுனிவர் நிலைபெறச் செய்தார். எழுத்து பருக்கும்போது மேற்சுழி நிரம்பி இரண்டும் ஒன்றாய்த் தோன்றும். அப்பொழுது ‘தேன்’ என்று விற்க வந்தவர் ‘தென்’ என்று விற்பார். மூன்றாவது, ரகரமும் துணைக்காலும். ரகரத்தின் சாய்ந்த அடிக்கீற்றைச் சில அலங்கார எழுத்துகள் அறவே நீக்கிவிடுகின்றன. ‘காரம்’ என்பதில் இரு கால்கள் அடுத்தடுத்து நிற்பது போலாகிறது.

நெசவாளர் அதிகம் வழங்கும் சேலை, விலை என்னும் இரு சொற்களிலும் ‘லை’ இருக்கிறது. பெரியார் 1935 முதல் குடி அரசில் கையாண்ட மாற்றங்களில் பலவற்றைத் தமிழ்நாட்டு அரசு 1978 இல் ஏற்றது. அதுவரை இவ்வெழுத்து மேலே யானைத் துதிக்கை போல் வளைந்த ஒரே வடிவமாக இருந்தது. இன்று ஐகாரக் கொம்பு தனியே முன்னிற்பதால் சொல் அகலம் பெறுகிறது. பழைய பலகையைப் புதிதாக எழுதுவோர் பழைய அகலத்தையே கணக்கிட்டுப் பின்னர் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவர். கணினியில் அவ்வாறு நெருக்கினால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலியும். கிடைக்கோடுகள் பருமன் குறையாது. பாவு மெல்லிய நூலாகவும் ஊடை தடித்த நூலாகவும் நெய்த துணி போல எழுத்து திரிந்துவிடும். நெருக்குவதை விட, இயல்பிலேயே ஒடுக்கமாக வரைந்த எழுத்தைத் தேர்வதே முறை. அனெக் தமிழ் என்னும் எழுத்துரு ஒடுக்கம் முதல் அகலம் வரை பல அளவுகளில் கிடைக்கிறது. ‘கூட்டுறவு விற்பனைச் சங்கம்’ போன்ற நீண்ட பெயர்களுக்கு அது பெரிதும் உதவும்.

எழுத்துகளை விலக்கி விலக்கி வைக்கும் வழக்கத்தையும் கண்டிக்கவே வேண்டும். விலக்கினால் கொம்பு தன் எழுத்தை விட்டு முன்னெழுத்தோடு ஒட்டியது போலாகும். தூணில் மேலிருந்து கீழாக எழுதும்போது கொம்பை ஒரு வரியிலும் எழுத்தை அடுத்த வரியிலும் பிரித்துவிட்ட பலகைகளையும் கண்டிருக்கிறேன்.

பலகைக்கு வருவோம். கேளம்பாக்கம் சந்திப்பில், வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையைச் சந்திக்கும் இடத்தில், பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து பலகைகளைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு விநாடியில் ஏறக்குறைய 36 அடி கடக்கிறது. 100 அடி தொலைவில் கண்ணிற்படும் பலகை மூன்று விநாடிக்குள் பின்னே போய்விடும். அதற்குள் இரண்டு மூன்று சொற்களே மனத்தில் பதியும். அச்சொற்கள் எவை? பெரும்பாலான சங்கங்கள் பதிவு எண்ணோடு கூடிய முழுப்பெயரைப் பெரிதாக எழுதி, ‘சேலை’ என்பதை மூலையில் ஒதுக்குகின்றன. வாங்க வருபவர் தேடுவது சேலையை, பதிவு எண்ணையன்று. முழுப்பெயர் கீழே சிறிதாக நிற்கட்டும்.

உயரத்துக்கு விளம்பரப் பலகைத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு வழங்குகிறது: பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து. ஆகவே 100 அடிக்குப் பத்து அங்குலம். ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்து எழுந்த கணக்கு இது. நாம் ‘ப’ என்னும் எழுத்தின் உடலைப் பத்து அங்குலமாக்கி, விலங்குக்கும் உகரக் காலுக்கும் மேலும் கீழுமாக ஏறத்தாழ அவ்வளவு இடம் இன்னும் விடவேண்டும். பிளெக்ஸ் பலகைகளில் மஞ்சள் எழுத்துக்குச் சிவப்புக் கரையும் அதன்மேல் வெள்ளைக் கரையும் இடுகிறார்களே, அக்கரைகள் அனைத்தும் இந்த வெளியைத் தின்றே வளர்கின்றன.

கோணிப்பையில் ஸ்டென்சில் தகடு வைத்துத் தீட்டுவோர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. ட, ப, ய போன்ற திறந்த எழுத்துகளைத் தகட்டில் எளிதாக வெட்டலாம். க, ண, ம, வ போன்றவற்றில் உள்ளே மூடிய வளையம் இருப்பதால், தகட்டை வெட்டியவுடன் நடுத்துண்டு விழுந்துவிடும். அதைத் தாங்க இடையிடையே பாலம் விடவேண்டும். ஆதலால் வேர்க்கடலைக்கும் நெல்லுக்கும் தகடு வெட்டும்போது சுழி பெரிதாகவும் கோடு ஒரே பருமனாகவும் உள்ள எழுத்தையே கொள்க. புள்ளியை வளையமாக்காமல் நிறைந்த வட்டமாக வெட்டினால் பாலமும் வேண்டியதில்லை. துணிக்கரையில் எழுத்தை நெய்வோர்க்கு இதை நான் சொல்ல வேண்டுவதில்லை: கட்டத்தாளில் வளைவு படிக்கட்டாகிவிடும், ணகரத்தின் சுழிகளுக்குள் குறைந்தது இரண்டு கட்டமேனும் வெறுமையாக நிற்காவிட்டால் அது கறைபோல் தோன்றும்.

கணினி எழுத்துருக்களில் இன்று விலையின்றிக் கிடைப்பவை பல. திறந்த உரிமத்தில் வெளியிட்டவற்றை வாணிகத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஏனையவற்றுக்கு உரிமத்தைக் கேட்டறிவது சங்கத்தின் கடமை. பிரியா இரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரான், நம் கட்டுமரத்தின் பெயரையே தாங்கியது. கோடு ஒரே பருமனாய், ஒன்பது கனங்களில் வருவதால் பலகைக்கும் சீட்டுக்கும் ஒருசேர உதவும். பலூ தம்பி பருத்துக் குழைந்தது; தின்பண்டப் பொட்டலத்துக்கு இனிது, பட்டுக்கு எனக்கு ஒவ்வாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனார் சாய்ந்த கையெழுத்துப் போன்றது. அழைப்பிதழில் ஒரு வரிக்கு நன்று, தொலைவுக்கு ஆகாது. பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் அமைந்தவற்றில் சீட்டைத் தட்டச்சு செய்து வைத்தால், பிறிதொரு கணினியில் திறக்கும்போது பொருளற்ற குறிகளாக மாறக்கூடும். தமிழ்நாட்டு அரசே 2010 இல் ஒருங்குறியை ஏற்றுவிட்ட பிறகு, புதிதாகச் செய்வன யாவும் ஒருங்குறியிலேயே இருத்தல் நலம். அதே ஆண்டில் வந்த ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழர். ஆயினும் அதற்கு முற்பட்ட எழுத்துருக்களில் அக்குறி இராது. விலை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் அச்சாகிவிடும்.

தேர்வுக்கு முன் ஒரு பயிற்சி. மாதிரிப் புத்தகத்தில் உள்ள சொல்லை நம்பாதீர்கள். தன் எழுத்தில் அழகாய் அமையும் சொல்லையே எவரும் மாதிரியாக வைப்பார். கைத்தறி, சேலை, விலை, ஜரிகை, தேன், நெல், வேர்க்கடலை, கூட்டுறவு ஆகிய சொற்களையும், ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களையும் ரூபாய்க் குறியையும் அந்த எழுத்தில் அச்சிட்டு வாங்குங்கள். சீட்டாயின், உண்மையான துணியில், உண்மையான மையில், உண்மையான அளவில் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். பலகையாயின், தாளில் பெரிதாக எடுத்துச் சுவரில் ஒட்டி, சாலையின் மறுபக்கத்தில் நின்று, எழுதப்பட்டிருப்பது யாதென்று முன்பே அறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். குழு அங்கத்தினர் இதற்கு உதவார். அவர்கள் நினைவிலிருந்து படித்துவிடுவார்கள். கண்ணாடி அணியும் முதியவர் ஒருவரும், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் போதும். அவர்கள் தயங்கும் எழுத்தைக் குறித்துக்கொண்டு, பருமனை ஒரு படி குறைத்து மீண்டும் சோதியுங்கள்.

முடிவான பின்பு எழுத்துருவின் பெயர், அதன் கனம், அளவு, மையின் நிறம் ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு மாதிரிச் சீட்டையும் அப்பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வேறொரு செயலாளர் வேறோர் அச்சகத்துக்குப் போகும்போது கையில் கொண்டுபோவதற்கு அது வேண்டியிருக்கும்.