வெளுப்புக்கு முதற்பொருள் நீரே

கந்தையாயினும் கசக்கிக் கட்டுவதையே மதிப்பாகக் கருதி வாழ்பவர் நம் கிராம மக்கள். துணி துவைப்பதையும் ஒரு பாடமாகக் கற்க வேண்டுமா என்று அவர்களிற் பலர் எண்ணக்கூடும். சோப்பை மிகுதியாகத் தேய்த்தால் அழுக்குப் போகும், கல்லில் ஓங்கி அடித்தால் வெண்மை வரும் என்பதே நம்மிற் பெரும்பாலோர் நம்பிக்கை. ஆனால் சோப்புக் கரைகிறது, துணி நைந்துபோகிறது, அழுக்கோ முழுவதும் நீங்குவதில்லை. காரணம் யாது? வெளுப்பில் முதற்பொருள் சோப்பு அன்று; நீரே. துவைக்குமுன் நீரைப் பக்குவப்படுத்துவது குடும்பத்தின் வேலை. துவைத்தபின் அந்நீரைத் தீங்கின்றிக் கழிப்பது குடும்பமும் பஞ்சாயத்தும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. இவ்விரண்டையும் இங்கே கவனிப்போம்.

நீரைச் சோதித்தல்

கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசிய உப்புக்களும் கரைந்திருக்கும். இவை மிகுந்த நீரைக் கடின நீர் என்கிறோம். இதில் சோப்பிட்டால் முதலில் நுரை எழுவதில்லை. சோப்பு அவ்வுப்புக்களோடு சேர்ந்து, தயிர் திரிந்தாற்போன்ற வெண்கசடாக மாறுகிறது. அக்கசடு நூலிழைகளில் படிவதால்தான் வெள்ளை வேட்டி நாளடைவில் பழுப்பேறி, முரடாகிறது.

ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நீர் எடுத்து, சிறிது சோப்பைச் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குவோம். உடனே நுரை பொங்கி நின்றால் அது மென்னீர். நுரை எழாமல் திரிதிரியாகக் கசடு மிதந்தால் அது கடின நீர். மழைநீரையும் இவ்வாறே சோதித்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்.

இதனால் நேரும் நஷ்டத்தையும் கணக்கிடலாம். ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை 15 லிட்டர் வாளியில் எடுத்தால், நுரை தோன்றுமுன்பே 25 கிராமுக்குக் குறையாத சோப்பு கசடாகிப் போகிறது. வாளிதோறும் இவ்விதம் நாம் இழப்பது குடும்பத்தின் காசு.

இதற்குப் பரிகாரம் எளியது. மழைநீரைச் சேமித்துத் துவைக்கப் பயன்படுத்துவது முதல் வழி. நீரைக் கொதிக்கவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி படிந்துவிடும். கடையில் கிடைக்கும் சலவைச் சோடாவை வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துக்கொள்வது மற்றொரு வழி. சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து வெள்ளாவி வைத்ததும் இதே தத்துவத்தை ஒட்டியதே. உவர்மண்ணில் இருப்பதும் சோடாவே. ஆனால் பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. அவற்றைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெதுவாக அலசுவதே நன்று. சலவைத்தூள் கடின நீரிலும் ஓரளவு வேலை செய்யும். எனினும் அளவுக்குமேல் போடுவதால் வெண்மை கூடுவதில்லை.

ஊறவைத்தலும் கறை நீக்கலும்

வெள்ளை, சாயத்துணி, மிகுந்த அழுக்குத்துணி என மூவகையாகப் பிரித்து அரைமணி நேரம் ஊறவைத்தால், அடிக்கும் வேலை பாதியாகக் குறையும். இரத்தக்கறையைத் தண்ணீரிலேயே அலசவேண்டும். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். எண்ணெய்க்கறையில் நனைக்குமுன்பே சோப்பைத் தேய்ப்பது நலம். சோப்பு முழுவதும் நீங்கும்வரை அலசியபிறகே நீலமோ கஞ்சியோ போடவேண்டும். வெள்ளைத் துணியை வெயிலிலும், சாயத்துணியை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலிலும் உலர்த்துக. வீட்டில் ஒருவருக்குச் சொறி கண்டால், எல்லோருடைய உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் ஒரே நாளில் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைப்பது அவசியம். ஒருவர் துணியை மட்டும் துவைத்தால் நோய் மீண்டும் சுற்றிவரும்.

மருந்து தெளித்த உடை

விவசாயிகள் இதனை மிகவும் கவனிக்கவேண்டும். பூச்சிமருந்து தோலின் வழியாகவும் உடலினுள் செல்லும். மருந்து தெளித்தவர் அணிந்த சட்டையைக் குழந்தையின் துணியோடு ஒரே வாளியில் ஊறவைத்தால், வயலில் பூச்சிக்கு இட்ட நஞ்சை வீட்டிற்குள் நாமே கொண்டுவந்தவர்களாவோம். துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. வயலுக்குச் செல்லாத அவர்கள் கைகளிலும் நஞ்சு படுகிறது.

ஆகவே, தெளித்த அன்றே அவ்வுடையைத் தனி வாளியில் இட்டு, கையுறை அணிந்து, முதலில் வெறும் நீரில் அலசவேண்டும். பின்னர் வெந்நீரில் சோப்பிட்டு இருமுறை துவைத்து, வெயிலில் தனியே உலர்த்தவேண்டும். நீர் கலக்காத மருந்தே கொட்டி நனைந்த உடையைத் துவைக்க முயலாமல் கழித்துவிடுவதே தகும். அலசிய நீர் கிணறு, குளம், வாய்க்கால் எதையும் எட்டக்கூடாது.

துவைத்த நீர் எங்கே செல்கிறது?

குடிநீர்க் கிணற்றடியிலேயே துவைக்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு. அழுக்கு நீர் மேடையின் வெடிப்புகள் வழியே அதே கிணற்றில் இறங்குகிறது. குளத்தில் சேரும் சலவைத்தூளில் பாஸ்பேட் இருந்தால் பாசி பெருகுகிறது. மக்கள் இறங்கும் நீரையே குடித்ததால் நரம்புச்சிலந்தி நோய் முன்னாளில் படிக்கிணறுகள் வாயிலாகப் பரவியது. அந்நோய் கண்ட கடைசி நோயாளி நம் நாட்டில் காணப்பட்டது 1996-இல். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அதிலிருந்து விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குடிநீரில் கால் வைக்காதிருக்கக் கற்றது அவ்வெற்றிக்கு ஒரு காரணம். அப்பாடத்தை நாம் மறத்தலாகாது.

குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் நீர் வசதி அமைப்பதை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் கடமைகளுள் வைத்துள்ளது. எனவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை இவை:

1. குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் துவைக்கும் மேடை அமைத்தல். எல்லாச் சாதியினரும் தடையின்றிப் பயன்படுத்த அது பொதுவாயிருக்கவேண்டும்.

2. மேடைக்குச் சரிவான சிமெண்டுத் தளமும், வடியும் நீருக்கு வாய்க்காலும் கட்டுதல்.

3. வாய்க்காலின் முடிவில் உடைகல் நிரப்பிய உறிஞ்சுகுழி தோண்டுதல். அதன் வாயில் கசடு தங்க ஒரு சிறு தொட்டி வைத்து, அதை அடிக்கடி சுத்தம் செய்தல்.

4. நிலம் இருப்பின், அந்நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சுதல். சோடா மிகுந்த நீரை மட்டும் தொடர்ந்து ஒரே பாத்தியில் விடாதிருத்தல்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைக்கலாம். அதற்குமுன் நம் வீட்டு நீரைப் புட்டியிலிட்டு ஒருமுறை குலுக்கிப் பார்ப்போம். வெண்மையான துணி ஒரு வீட்டுக்கு அழகு; மாசற்ற கிணறு ஊருக்கே உயிர். ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை இழக்காதிருப்போமாக.