வாக்குச்சீட்டில் ஒரு வினா

நுழையும்முன்

தேர்தல் என்றதும் வேட்பாளர்களின் பெயர்களும் சின்னங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. வாக்குச்சீட்டில் பெயருக்குப் பதிலாக ஒரு வினா இடம்பெற்றால் எவ்வாறு விடையளிப்போம்? ஒரு சட்டம் வேண்டுமா, வேண்டாவா என மக்களையே நேரடியாகக் கேட்கும் முறை உலகின் சில பகுதிகளில் வழக்கத்தில் உள்ளது. அம்முறையின் ஆற்றலையும் இடர்களையும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

உரிமை பிறந்த வரலாறு

மக்கள் தம் சார்பாளர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வழியாகச் சட்டம் இயற்றுவது மக்களாட்சியின் ஒருவகை. சட்டத்தைத் தாமே வாக்களித்து முடிவு செய்வது மற்றொரு வகை. பின்னதற்குச் சுவிட்சர்லாந்து நெடுங்காலமாகப் புகழ்பெற்று விளங்குகிறது. அமெரிக்க மாநிலங்களுள் தெற்கு டகோட்டா 1898இலும் ஒரிகன் 1902இலும் இதனை ஏற்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியா அரசியலில் சதர்ன் பசிபிக் என்னும் இருப்புப்பாதை நிறுவனத்தின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. சட்டமன்றம் நிறுவனத்தின் குரலுக்கே செவிசாய்க்கிறது என்னும் மனக்குறை மக்களிடம் வளர்ந்தது. அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பர். அந்நிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து 1910ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற ஹைரம் ஜான்சன், சட்டமியற்றும் உரிமையில் மக்களுக்கும் பங்களிக்க முற்பட்டார். 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் அவ்வுரிமை நிறைவேறியது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் திருத்தமும் அதே நாளில் சிறிய வேறுபாட்டில் வென்றது. அன்று அதற்கு வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே என்பது எண்ணத்தக்கது.

வினா உருவாகும் முறை

மக்கள் தாமே ஒரு சட்டத்தை முன்மொழிவது ‘மக்கள் முன்னெடுப்பு’ எனப்படும். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்திவைத்து, அதனை மக்களின் தீர்ப்புக்கு விடுவது ‘பொது வாக்கெடுப்பு’ எனப்படும். இரண்டிற்கும் வாக்காளர்களின் கையொப்பங்கள் தேவை. முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டிற்கு இணையான கையொப்பங்கள் சட்டத்திற்கும், 8 விழுக்காட்டிற்கு இணையானவை அரசமைப்புத் திருத்தத்திற்கும் வேண்டும். பொது வாக்கெடுப்பைக் கோருவோர் சட்டம் இயற்றப்பட்ட 90 நாள்களுக்குள் கையொப்பங்களை அளித்தல் வேண்டும்.

முன்னெடுப்பின் தலைப்பையும் சுருக்கத்தையும் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் 100 சொற்களுக்குள் எழுதுகிறார். அரசின் வரவுசெலவில் நேரும் மாற்றத்தை நடுநிலை ஆய்வாளர் கணித்துரைக்கிறார். ஆதரிப்போர், எதிர்ப்போர் ஆகிய இருதரப்பாரின் வாதங்களும் சேர்ந்து வாக்காளர் கையேடாக வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. 2016 நவம்பர் தேர்தலில் மாநிலம் தழுவிய வினாக்கள் மட்டும் 17 இருந்தன. கையேடு 200 பக்கங்களைக் கடந்தது.

‘ஆம்’ என்பதன் பொருள்

அத்தேர்தலின் 67ஆம் முன்மொழிவு நுட்பமானது. கடைகளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளைத் தடைசெய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா 2014இல் இயற்றியது. பை உற்பத்தியாளர்கள் கையொப்பம் திரட்டி அச்சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொணர்ந்தனர். ‘சட்டம் நிலைக்கலாமா?’ என்பதே மக்கள்முன் வைக்கப்பட்ட வினா. எனவே, பைகள் வேண்டா என்று கருதியவர் ‘ஆம்’ என்றும், பைகள் வேண்டும் என்று கருதியவர் ‘இல்லை’ என்றும் வாக்களிக்க வேண்டியிருந்தது. வினாவை மேலோட்டமாகப் படித்தவர் தம் கருத்துக்கு மாறாகவே வாக்களித்திருக்கக் கூடும். இறுதியில் ‘ஆம்’ வென்றது. தடை நடைமுறைக்கு வந்தது.

நீண்ட நிழல்

1970களில் கலிபோர்னியாவில் வீடுகளின் விலை விரைந்து உயர்ந்தது. அதனுடன் சொத்து வரியும் உயர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர், வரி செலுத்த இயலாமல் வீட்டை இழக்க நேருமோ என அஞ்சினர். 1978 சூன் 6 அன்று 13ஆம் முன்மொழிவை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தனர். சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டிற்கு மேற்படாது. வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கு மேல் உயராது.

முதியோரின் அச்சம் நீங்கியது. ஆனால், அவ்வரியை நம்பியிருந்த பள்ளிகளும் உள்ளாட்சிகளும் வருவாய் இழந்து மாநில அரசை நாடின. நெடுநாள் குடியிருப்பவர், அண்மையில் வீடு வாங்கிய அண்டை வீட்டாரைவிட மிகக் குறைந்த வரி செலுத்தும் நிலையும் தோன்றியது. அரசமைப்பில் இடம்பெற்றுவிட்டதால் சட்டமன்றம் இதனைத் தானே மாற்ற இயலாது. மீண்டும் மக்களையே நாட வேண்டும். வணிகச் சொத்துகளுக்கு மட்டும் இதனைத் திருத்த 2020இல் மேற்கொண்ட முயற்சி தோல்வியுற்றது.

எண்ணிக்கையும் நீதியும்

பலர் விரும்புவதாலேயே ஒன்று நீதியாகிவிடுமா? இனத்தைக் காரணம் காட்டி வீடு தர மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1963இல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்டது. அதனைச் செயலற்றதாக்கும் 14ஆம் முன்மொழிவை, 1964இல் வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஏற்றனர். 1966இல் மாநில உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. 1967இல் நாட்டின் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பெரும்பான்மையின் விருப்பத்திற்கும் அரசமைப்பு எல்லை வகுத்துள்ளது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

பணத்தின் வலிமையும் கருதத்தக்கது. செயலிவழி இயங்கும் வாடகை வண்டி நிறுவனங்களும் உணவு வழங்கும் நிறுவனங்களும், ஓட்டுநர்களைத் தம் ஊழியர்களாகக் கொள்ளாதிருக்க 2020இல் 22ஆம் முன்மொழிவைக் கொணர்ந்தன. அதற்காக 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு வெற்றியும் பெற்றன. ஒரு நிறுவனத்தின் ஆதிக்கத்திற்கு எதிராகப் பிறந்த கருவி, நிறுவனங்களின் கைக்கும் எட்டியது.

விடை எண்வகைப்படும் என இலக்கணத்தில் கற்றுள்ளோம். வாக்குச்சீட்டோ நேர்விடை, மறைவிடை ஆகிய இரண்டிற்கு மட்டுமே இடம் தருகிறது. ஆதலால், வாக்குச்சாவடிக்குச் செல்லும் முன்னரே வினாவுக்கு எதிர்வினா தொடுத்தல் வாக்காளரின் கடமையாகிறது. இதனை எழுதியவர் யார்? இதனால் பயன்பெறுவோர் யார், இழப்போர் யார்? பின்னாளில் திருத்த வழியுண்டா? இவ்வினாக்களுக்கு விடைதேடிப் படிப்பவரின் ஒற்றைச்சொல் விடையே சட்டத்திற்கு உயிரூட்டும்.

தெரியுமா?

கோவா, மகாராட்டிரத்துடன் இணைவதா, ஒன்றியப் பகுதியாகவே தொடர்வதா என்பதை முடிவு செய்ய 1967 சனவரி 16 அன்று அங்கு மக்கள் கருத்து வாக்கெடுப்பு நடைபெற்றது. இணைப்புக்குப் பூவும் தனித்திருப்பதற்கு இரட்டை இலையும் சின்னங்களாக வழங்கப்பட்டன. தனித்திருத்தலையே மக்கள் தேர்ந்தெடுத்தனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி தொடர்பான ஒரு பொருளைத் தேர்ந்து, ‘ஆம்’, ‘இல்லை’ என விடையளிக்கத்தக்க வினாவாக எழுதுக. அதனை மூவரிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் ஒரே பொருளில் புரிந்துகொண்டனரா எனக் கண்டறிக.

2. அதே வினாவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் தலா 100 சொற்களுக்கு மிகாமல் வாதங்களை எழுதி, வகுப்பறையில் வாக்கெடுப்பு நடத்துக.

3. ‘பெரும்பான்மையின் முடிவுக்கு எல்லை உண்டா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.